கென்ட்ஸ் கேவர்ன் வாள்பல் பூனை: பாதிரியார் சொன்னதை ஏன் அப்ப யாரும் நம்பல?

குகைப்பித்தன்:
கொஞ்ச நாளா இதுலயே மண்டை ஓடிட்டு இருக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. இங்கிலாந்துல டெவன் பக்கம் டார்க்கீ ஊர்ல கென்ட்ஸ் கேவர்ன்னு ஒரு சுண்ணாம்புக்கல் குகை இருக்குல்ல, அங்க 1826ல ஜான் மெக்எனெரின்னு ஒரு கத்தோலிக்க பாதிரியார் தோண்டிட்டு இருக்கும்போது சேபர் டூத், அதாவது வாள்பல் பூனையோட கோரைப்பல்லு கிடைச்சிருக்கு, அதோட சேத்து மனுஷன் செதுக்குன சிக்கிமுக்கிக் கல் ஆயுதமும் அழிஞ்சுபோன மிருகங்களோட எலும்பும் ஒரே மண்ணுல கிடைச்சிருக்கு. இவ்ளோ பெரிய விஷயம், ஆனா அந்த மனுஷன் 1841ல சாகற வரைக்கும் அவர் எழுதினது புத்தகமா வரவே இல்ல. 1859ல கொஞ்சம் வந்துச்சாம், முழுசா வந்தது 1869ல தானாம்.

என் டவுட்டு இதான். ஏன் அவர் உயிரோட இருக்கும்போதே போடல, சர்ச் ஏதும் தடுத்துச்சா? அப்புறம் அந்தப் பல்லு நிஜமாவே அந்தக் குகையில கிடைச்சதுதானா, இல்ல வேற எங்கேயோ வாங்கி கலந்துட்டாரான்னு ஒரு சந்தேகம் ரொம்ப காலம் ஓடுச்சுன்னு படிச்சேன், அது எப்படி முடிஞ்சது?

எலும்புராசா:
சர்ச் தடுத்துருச்சுன்னு சொல்றது ரொம்ப ஈஸி நண்பா, ஆனா இங்க அது ஒட்டாது. தோண்டுனவரே பாதிரியார், அயர்லாந்து லிமெரிக்காரர், டார் அபின்னு அங்க இருக்கிற பெரிய மாளிகையில குடும்ப குருவா இருந்தவர். அவருக்கு எதிர்ப்பக்கம் நின்ன வில்லியம் பக்லண்டும் ஆங்கிலிக்கன் சாமியார்தான், ஆக்ஸ்ஃபோர்டுல நிலவியல் சொல்லிக்குடுத்தவர். ரெண்டு சாமியாருக்கு நடுவுல நடந்த ஆராய்ச்சி சண்டை இது, அதுவும் சண்டைன்னு கூட சொல்ல முடியாது, ஒருத்தர் ரொம்ப மரியாதையா அடங்கிப் போயிட்டார், அவ்ளோதான்.

கதை இன்னும் முன்னாடியே ஆரம்பிக்குது. 1824ல தாமஸ் நார்த்மோர்னு ஒருத்தர் அந்தக் குகைக்குள்ள எறங்குனார், எதுக்குன்னா ஃபாசில் தேட ஒரு பக்கம், ரோமானியர் காலத்து மித்ரா கோவில் ஏதாவது இருக்குமான்னு பாக்க இன்னொரு பக்கம்! அந்தக் காலத்து குகை ஆளுங்க பாதிப்பேர் இப்படித்தான். 1825ல மெக்எனெரி சேந்துக்கிட்டார். மொதல்ல பல்லுங்க கையில தட்டுப்பட்டப்ப தன்னையறியாம பின்வாங்கிட்டேன்னு அவரே எழுதி வச்சிருக்கார், மெழுகுவத்தி வெளிச்சத்துல, மனுஷன் பாத்தே இராத ஒரு உலகத்தோட மிச்சத்தைத் தொடறோம்னு. படிக்கும்போது நமக்கே புல்லரிக்கும்.

இப்ப மெயின் மேட்டர். குகைத் தரையில ஸ்டாலக்மைட், அதாவது மேல இருந்து சொட்டுற சுண்ணாம்புத் தண்ணி கல்லா படிஞ்சு கெட்டியா ஒரு மூடி மாதிரி இருக்கும். அந்த மூடிக்குக் கீழ, ஒடையாத இடத்துல, மம்மூத் காண்டாமிருக எலும்போட சேந்து கல் ஆயுதம் இருந்துச்சுன்னா மனுஷனும் அந்த மிருகங்களும் ஒரே காலம்னு அர்த்தம் ஆயிரும். பக்லண்ட் இத ஒத்துக்கல. பழைய பிரிட்டன்காரங்க அந்த மூடியில அடுப்பு போட குழி வெட்டியிருப்பாங்க, ஆயுதம் அது வழியா கீழ விழுந்துருக்கும்னு சொல்லிட்டார். மெக்எனெரி தோண்டுன இடத்துல அப்படி குழி ஒண்ணு கூட பாக்கலன்னு தெளிவா எழுதிருக்கார், ஆனா எதிர்ல நிக்கிறது நாட்டுலயே பெரிய நிலவியல் ஆளு, இவரு ஒரு சின்ன ஊர் பாதிரியார். அங்கங்க பம்மிப் பம்மி எழுதிருக்கார்.

அதுக்கு மேல காசும் இல்ல. படத்தட்டெல்லாம் கூட ரெடி பண்ணிருந்தார், வாள்பல் பூனையோட பல்லு படமும் அதுல உண்டு, ஆனா அந்தக் காலத்துல முன்பணம் கட்டுற ஆளுங்க சேந்தாத்தான் இந்த மாதிரி புக்கு அச்சாகும், சேரல. ஒடம்பும் சரியில்லாம போச்சு. அவர் போனதுக்கப்புறம் சேகரிப்பு பல கை மாறி சிதறிப்போச்சு, கையெழுத்துப் பிரதி தொலைஞ்சே போச்சுன்னு நெனச்சாங்க, அப்புறம் எட்வர்ட் விவியன் கையில கிடைச்சு 1859ல சுருக்கி போட்டார். 1869ல முழுசா போட்டது வில்லியம் பெங்கெல்லி.

பக்லண்டை வில்லன் ஆக்கிறாதீங்க, அதையும் சொல்லிறேன். 1821ல யார்க்ஷயர்ல கிர்க்டேல் குகை எலும்புங்க கிடைச்சப்ப, இது பிரளயத்துல அடிச்சிட்டு வந்தது இல்ல, கழுதைப்புலிங்க குடியிருந்த பொந்துன்னு காட்டுனது அவர்தான். எப்படித் தெரியுமா, உசிரோட இருந்த ஒரு கழுதைப்புலிக்கு மாட்டுக்கால் எலும்பு போட்டு, அது கடிச்சுப் போட்ட மிச்சத்தை குகை எலும்போட பக்கத்துல வச்சுப் பாத்தார். அந்தளவு மூளை உள்ள ஆளு மனுஷ விஷயத்துல மட்டும் அசையல.

மண்ணடுக்கு:
எலும்புராசா சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா ஒரு விஷயத்துல மெக்எனெரி பக்கமும் ஓட்டை இருக்கு, அத யாரும் பேசறது இல்ல. பல்லு எந்த அறையில, மூடியில இருந்து எத்தனை அடி கீழ, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் பதிவு இல்ல. அந்தக் காலத்துல யாருமே அப்படி எழுதி வைக்கல, அதனால அவரைக் குத்தம் சொல்ல முடியாது, ஆனா விலாசம் இல்லாத பல்லு எவ்ளோ அழகா இருந்தாலும் கோர்ட்டுல நிக்காது. அதுவும் இத்தாலி ஆர்னோ பள்ளத்தாக்குல அதே மாதிரி பல்லு கிடைச்சிட்டு இருந்த காலம், ஐரோப்பா பக்கம் வாங்குனது இதுல கலந்துருச்சோன்னு சில பேர் கேட்டாங்கன்னா அது வெறும் பொறாமை இல்ல.

இந்த எடத்துலதான் பெங்கெல்லி. கார்ன்வால் லூ ஊர்ல கப்பல்காரர் புள்ள, சின்ன வயசுலயே கடலுக்குப் போனவர், கணக்கு தானா படிச்சு டார்க்கீல பள்ளிக்கூடம் நடத்துனவர். 1865 மார்ச்ல ஆரம்பிச்சு 1880 ஜூன் வரைக்கும், பதினஞ்சு வருஷம், பிரிட்டிஷ் அசோசியேஷன்கற அறிவியல் சங்கம் காசு குடுக்க, கென்ட்ஸ் கேவர்னைத் தோண்டுனார். அவர் முறையைக் கேளுங்க, இன்னைக்கு தொல்லியல் படிக்கிற புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கறது கிட்டத்தட்ட இதான். குகை நடுவுல ஒரு கயித்துக்கோடு, அதுக்கு குறுக்க ஒரு அடிக்கு ஒரு கோடு, அப்புறம் மண்ணை ஒரு கெஜ நீளம் ஓரடி அகலம் ஓரடி ஆழம்னு துண்டு துண்டா எடுக்கறது. எடுத்த மண்ணை அங்கயே மெழுகுவத்தில ஒரு தடவை பாப்பாங்க, அப்புறம் குகை வாசலுக்கு தூக்கிட்டு வந்து பகல் வெளிச்சத்துல இன்னொரு தடவை. அந்தத் துண்டுல கிடைச்சதெல்லாம் ஒரு பெட்டி, பெட்டிக்கு நம்பர், நம்பர் நோட்டுல. பெரும்பாலும் தினமும் போய் நின்னிருக்கார்.

அடுக்கு எப்படி இருந்துச்சுன்னா மேல கருப்பு மண்ணு, அதுக்கு கீழ குருணை குருணையா ஸ்டாலக்மைட், அதுக்கு கீழ சிவப்பு குகைமண்ணு, அதுக்கும் கீழ பளிங்கு மாதிரி பழைய ஸ்டாலக்மைட், எல்லாத்துக்கும் அடியில கல்லும் மண்ணும் இறுகிப்போன ப்ரெச்சியா. கழுதைப்புலி, மம்மூத், கம்பளி காண்டாமிருகம் எல்லாம் சிவப்பு மண்ணுல. அடி ப்ரெச்சியாவுல கரடியோ கரடி, கூடவே முரட்டு கைக்கோடாரிங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஒரு கிறுக்கல். ஸ்டாலக்மைட் மேல ராபர்ட் ஹெட்ஜஸ், அயர்லாந்து, 1688 பிப்ரவரி 20னு எவனோ ஒரு டூரிஸ்ட் செதுக்கிட்டுப் போயிருக்கான். அந்த எழுத்து மேல கிட்டத்தட்ட 190 வருஷத்துல படிஞ்ச படலம் ஒரு இஞ்ச்ல இருபதுல ஒரு பங்கு தான், எழுத்தை இன்னும் படிக்க முடியுது. குருணை ஸ்டாலக்மைட் சில இடத்துல அஞ்சடி கனம். அதே வேகம்னு வச்சா நீங்களே கணக்கு போடுங்க, ரெண்டு லட்சம் வருஷத்தைத் தாண்டும். சொட்டுற வேகம் எடத்துக்கு எடம் மாறும்கறதால இந்தக் கணக்கு செல்லாது, ஆனா ஆறாயிரம் வருஷ உலகம்னு நம்பிட்டு இருந்தவன் குகைக்குள்ள நின்னு இதைப் பாத்தா வாயடைச்சுப் போவான்ல.

வாள்பல் பூனைக்கு வருவோம். 1865ல இருந்து வருஷக்கணக்கா தோண்டியும் ஒரு துண்டு கூட சிக்கல, பெங்கெல்லிக்கே உள்ளுக்குள்ள உதைச்சிருக்கும். 1872ல ஒரு வெட்டுப்பல் கிடைச்சது, சிவப்பு குகைமண்ணுல மேல இருந்து மொத ஒரு அடிக்குள்ள, துண்டு நம்பரோட. அதோட பாதிரியார் பேர் காப்பாத்தப்பட்டுச்சு, அவர் போயி 31 வருஷம் கழிச்சு.

குகைப்பித்தன்:
யப்பா செம. ஹெட்ஜஸ் கிறுக்கல் மேட்டர் தெரியவே தெரியாது. இன்னொண்ணு, மெக்எனெரி பல்லைப் பாத்துட்டு ஃப்ரான்ஸ் ஃபாசில் நிபுணர் குவியே அதைக் கரடின்னு சொன்னாராமே? எலும்பு ஒண்ணு காட்டுனா மிருகத்தையே வரைஞ்சு குடுக்கற ஆளுன்னு பேர் வாங்குனவரு, அவரே எப்படி பூனையைக் கரடின்னு சொன்னாரு?

ராத்திரிப்பூனை:
தனிப் பல்லு மட்டும் கையில குடுத்தா நீங்களும் தடுமாறுவீங்க. குவியே 1824லயே ஆர்னோ பள்ளத்தாக்கு பல்லுக்கு உர்சஸ் கல்ட்ரிடென்ஸ்னு பேர் வச்சுட்டார், அதாவது கரடி ஜாதி. கூட இருந்த எலும்புல கரடி நெறைய, உசிரோட இருக்கிற எந்தப் பூனைக்கும் இப்படி ஒரு பல்லு கிடையாது, அதனால அந்தப் பக்கம் போயிட்டார். கென்ட்ஸ் பல்லும் அதே லிஸ்ட்ல சேந்துக்கிச்சு. 1828ல ஃப்ரான்ஸ்ல ப்ரவார் இது பூனைதான்னு சொன்னார், 1833ல ஜெர்மனில காவ்ப் மகைரோடஸ்னு பேர் குடுத்தார், 1846ல ரிச்சர்ட் ஓவன் கென்ட்ஸ் பல்லுக்கு மகைரோடஸ் லாட்டிடென்ஸ்னு வச்சார். இப்ப அதை ஹோமோதீரியம் லாட்டிடென்ஸ்னு சொல்றோம்.

பல்லு எப்படி இருக்கும்னா, சினிமால காட்டற மாதிரி தாடைக்கு கீழ ரொம்ப நீட்டிட்டு இருக்காது. அது ஸ்மைலோடான், அமெரிக்கா பக்கத்து மிருகம், வேரோட சேத்து 28 செ.மீ. வரைக்கும் போகும். ஹோமோதீரியத்துக்கு அதைவிட நீளம் கம்மி, தட்டை, அகலம், முன்னாடி ஓரம் பின்னாடி ஓரம் ரெண்டுலயும் நுணுக்கமா ரம்ப வெட்டு இருக்கும். தேயாத பல்லுல நகத்தை வச்சு ஓரமா இழுத்தா சொரசொரன்னு தட்டும். ஸ்மைலோடான் கனத்த ஒடம்பு, முன்னங்கால் பலம், அமுக்கிப் புடிச்சு குத்துற டைப். ஹோமோதீரியம் நீண்ட கால், ஓட்டக்காரன். புலின்னு ரெண்டையுமே கூப்பிடக்கூடாது, 2020ல கனடாவுல யூகான் பக்கம் கிடைச்ச எலும்புல இருந்து ஹோமோதீரியத்தோட மரபணு முழுசா படிச்சுட்டாங்க, இன்னைக்கு இருக்கிற பூனைங்க கிளையில இருந்து அது ரெண்டு கோடி வருஷத்துக்கும் முன்னாடியே பிரிஞ்சு போயிருச்சு.

இதே தடுமாற்றம் கடலுக்கு அந்தப் பக்கமும் நடந்துச்சு. பிரேசில் மினாஸ் ஜெராய்ஸ்ல லாகோவா சாண்டான்னு ஒரு ஊர், அங்க பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட்னு ஒரு டேனிஷ்காரர். கூடப்பொறந்தவங்க காசநோய்ல போயிட்டாங்க, நமக்கும் வந்துருமோன்னு பயந்து சூட்டு நாட்டுக்கு வந்தவர். அந்தப் பக்கத்து குகையில எல்லாம் வெடிமருந்துக்கு வேணுங்கற வெடியுப்புக்காக மண்ணை வாரிட்டு இருந்தாங்க, வாரும்போது எலும்பும் வரும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. இவர் அதைப் பாத்துட்டு 1835ல இருந்து பத்து வருஷம் குகை குகையா எறங்குனார், நூத்துக்கணக்குல. கூட பிராண்ட்னு ஒரு நார்வே ஓவியர், குகை படமெல்லாம் அவர் கைவண்ணம். 1839ல கிடைச்ச சில பல்லை லுண்ட் கழுதைப்புலின்னு எழுதிட்டார். அப்புறம் இன்னும் எலும்பு சேரச் சேர அது பூனைன்னு புரிஞ்சு 1842ல ஸ்மைலோடான் பாப்புலேட்டர்னு பேர் வச்சார். ஒருத்தர் கரடி, இன்னொருத்தர் கழுதைப்புலி!

லுண்ட் கதையும் மெக்எனெரி மாதிரியே ஒரு எடத்துல போய் முட்டுது. சுமிடோரோ குகையில அழிஞ்ச மிருக எலும்போட மனுஷ எலும்பும் கிடைச்சது. பழைய மிருகங்க பேரழிவுல மொத்தமா அழிஞ்சதுக்கப்புறம்தான் மனுஷன் வந்தான்கற குவியே கொள்கையை அவர் மனசார நம்புனவர், அந்தக் கொள்கைப்படி இது ரெண்டும் சேரவே கூடாது. 1845 வாக்குல சேகரிப்பை மொத்தமா டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பிட்டு தோண்டறதையே நிறுத்திட்டார், ஆனா ஊரை விட்டுப் போகல, 1880ல சாகற வரைக்கும் லாகோவா சாண்டாவுலயே இருந்தார். காசு தீந்துச்சுன்னு அவர் சொன்னது, மனசு ஒடஞ்சுட்டார்னு மத்தவங்க சொல்றது. என்னைக் கேட்டா ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

வம்புவேந்தன்:
எல்லாரும் ஆளாளுக்கு பெங்கெல்லிக்கு மாலை போடறீங்க, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன். 1872 வெட்டுப்பல் சிவப்பு குகைமண்ணுல கிடைச்சுதுன்னா அந்தப் பூனை சிவப்பு மண்ணு காலத்துல வாழ்ந்துச்சுன்னு ஆயிருமா? குகைக்குள்ள தண்ணி ஓடும், அடி ப்ரெச்சியாவை அரிச்சு மேல கொண்டாந்து போடும், கழுதைப்புலி பொந்து தோண்டும். பிரிட்டன்ல ஹோமோதீரியம் சந்தேகமில்லாம கிடைக்கிற எடமெல்லாம் பழசு, சாமர்செட்ல வெஸ்ட்பரி குகை, கிழக்குக் கரையில பேக்ஃபீல்ட், எல்லாம் அஞ்சு லட்சம் வருஷம், அதுக்கும் மேல. அப்ப கென்ட்ஸ் பல்லும் ப்ரெச்சியா காலத்து சரக்கு, மேல உருண்டு வந்துருச்சுன்னு சொல்றதுல என்ன தப்பு?

அப்புறம் இங்கிலாந்துலயே கிரெஸ்வெல் க்ராக்ஸ்னு குகைங்க உள்ள பள்ளத்தாக்கு, அந்த விவகாரத்தை யாரும் தொடவே இல்லையே. 1876ல அங்க ராபின்ஹூட் குகையில நிலவியல் ஆளு பாய்ட் டாக்கின்ஸ் கூட இருக்கும்போது ஒரு வாள்பல் பூனைப் பல்லு கிடைச்சது, அதே சீசன்ல குதிரை செதுக்குன எலும்பும் கிடைச்சது. தாமஸ் ஹீத்னு கூட வேலை பாத்தவர் அது ரெண்டும் குகை சரக்கே இல்லன்னு அச்சு போட்டு சொன்னார், பத்திரிகையில ரெண்டு பேரும் அசிங்கமா சண்டை போட்டாங்க. கென்ட்ஸ்ல நிரூபணம் ஆன நாலு வருஷத்துல இன்னொரு குகையில அதே அபூர்வப் பல்லு, வாய்க்குள்ள வந்து விழுந்த மாதிரி. எனக்கு நம்பிக்கை இல்லப்பா.

மண்ணடுக்கு:
கிரெஸ்வெல் பல்லை நானும் நம்பல, அத விட்ருவோம். குதிரை மட்டும் பாவம், 2003ல அதே பள்ளத்தாக்குல சர்ச் ஹோல் குகை சுவத்துல பனியுகத்து செதுக்கல் கண்டுபுடிச்சதுக்கப்புறம் அது நிஜமா இருக்கறதுல ஒண்ணும் ஆச்சரியம் இல்லன்னு ஆயிருச்சு.

மேல உருண்டு வந்துருச்சுங்கற வாதம் நியாயமானது, நானும் பாதி அந்தப் பக்கம்தான். ஆனா ஐரோப்பாவுல ஹோமோதீரியம் லட்சக்கணக்கான வருஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சு, அதனால பழசாத்தான் இருக்கணும்னு அடிச்சுப் பேச இப்ப முடியாது. 2000ல வட கடல்ல மீன்பிடி இழுவலையில ஒரு கீழ்த்தாடை மாட்டுச்சு, கார்பன் தேதி பாத்தா சுமார் 28,000 வருஷம். தாடையோட, ஹோமோதீரியமேதான். அப்ப வட கடல் பாதி நிலம், பிரிட்டனுக்கு நடந்தே வரலாம். அந்தத் தாடைக்கு முன்னாடி வரைக்கும் கென்ட்ஸ் சிவப்பு மண்ணு பல்லுன்னாலே தலையாட்டி சிரிச்சிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் சிரிப்பு கொஞ்சம் நின்னுருக்கு. நீங்க சொல்ற மாதிரி அரிச்சு வந்ததா இருந்தா பல்லுல உருண்ட தேய்மானம் இருக்கணும், ரம்ப வெட்டு மழுங்கிருக்கணும், அதைப் பாத்துத்தான் பேசணும்.

வம்புவேந்தன்:
தேய்மானம் இல்லாமலும் வரலாம் தலைவா. ஒரு பெரிய மண்கட்டியோட சேந்து சரிஞ்சா பல்லுக்கு ஒரு கீறல் கூட விழாது. ஆனா வட கடல் தாடை பலமான பாயிண்ட், அத மறுக்கல.

எலும்புராசா:
இந்தச் சண்டைக்கு நடுவுல ஒரு ஆளை விட்டுட்டீங்க, ஹ்யூ ஃபால்கனர். சஹாரன்பூர் தாவரத் தோட்டத்துக்கு பொறுப்பா இருந்தவர், 1830கள்ல காட்லியோட சேந்து சிவாலிக் மலையில ஃபாசில் அள்ளுனவர், அந்த மலையில கிடைச்ச ஒரு வாள்பல் பூனைக்கே மெகான்டெரியான் ஃபால்கனெரின்னு அவர் பேர்தான். இங்கிலாந்து திரும்புனதுக்கப்புறம், 1858ல டார்க்கீக்கு பக்கத்துல பிரிக்ஸம்ல ஆள் படாத புதுக் குகை ஒண்ணு தெறந்துச்சு. கென்ட்ஸ்ல ஏற்கனவே நாலு பேர் கை வச்சுட்டாங்க, இங்கயாவது மேல இருந்து ஒழுங்கா எறங்குவோம்னு கமிட்டி போட வச்சது அவர்தான், தோண்டுனது பெங்கெல்லி. ஸ்டாலக்மைட் மூடி ஒடையாம இருக்க அதுக்கு கீழ கல் ஆயுதம் கிடைச்சது, அடுப்புக்குழி கதைக்கு அங்க எடமே இல்ல. 1859ல லண்டன்ல பெரிய தலைங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. அதே வருஷம்தான் விவியன் மெக்எனெரி எழுத்தை வெளியிட்டார்னு பாத்தா, காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு புரியும். மூணு வருஷம் முன்னாடி போட்டிருந்தா சீண்ட ஆள் இருந்திருக்காது.

குகைப்பித்தன்:
சிவாலிக் டு பிரிக்ஸம்! கடைசியா ஒண்ணே ஒண்ணு. கரடி கழுதைப்புலி எலும்பு மட்டும் குகையில குவியல் குவியலா வருது, வாள்பல் பூனை மட்டும் ஏன் ஒண்ணு ரெண்டு பல்லோட நின்னுருது? குகையில குடியிருக்கிற பழக்கம் அதுக்கு இல்லையா?

ராத்திரிப்பூனை:
கரடி குளிருக்கு உள்ள போய் படுக்கும், அதுல வருஷா வருஷம் சிலது எந்திரிக்காது. கழுதைப்புலி எரையை இழுத்துட்டு வந்து உள்ள வச்சுத் தின்னும். அதனால அதுங்க எலும்பு ஆயிரக்கணக்குல சேருது. பெரிய வேட்டை மிருகம் எந்தக் காட்டுலயும் எண்ணிக்கையில கம்மி, அதுவும் குகைக்குள்ள சாகணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து.

விதிவிலக்கும் இருக்கு. டெக்சஸ்ல சான் அன்டோனியோ பக்கம் ஃப்ரீசன்ஹான் குகைன்னு ஒண்ணு, 1949லயும் 1951லயும் தோண்டுனாங்க. பெருசு சிறுசுன்னு ஹோமோதீரியம் குடும்பமே உள்ள கிடந்துச்சு, பக்கத்துல நூத்துக்கணக்குல மம்மூத் குட்டிங்க பல்லு. பெரிய மம்மூத் இல்ல, பெரும்பாலும் குட்டிங்கதான். குட்டியைத் தனியா பிரிச்சு அடிச்சு துண்டு துண்டா குகைக்கு கொண்டாந்துருக்குன்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க, 2021ல பல்லு வேதியியல் பாத்ததும் அதுக்குத்தான் ஒத்துப்போச்சு. ஆக குகையில குடியிருக்கத் தெரியாத மிருகம் இல்ல.

அப்புறம் தோலு முடியோட பாக்கணும்னா ரஷ்யாவுல சைபீரியா பக்கம் யாகுட்டியாவுல பாட்யாரிகா ஆத்தங்கரையில 2020ல கிடைச்ச குட்டியைத் தேடிப் பாருங்க, 2024 நவம்பர்லதான் ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. மூணு வாரக் குட்டி, ஒறைஞ்ச மண்ணுக்குள்ள 35,000 வருஷத்துக்கு மேல. அடர் பழுப்பு முடி, சின்னக் காது, சிங்கக்குட்டியை விட தடிச்ச கழுத்து, பனியில நடக்க தோதா வட்டமான அகலப் பாதம், மீசை முடி வரைக்கும் அப்படியே இருக்கு. மெக்எனெரிக்கும் லுண்டுக்கும் பல்லும் எலும்பும்தான் கிடைச்சது, கோரைப்பல் மொளைக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போன குட்டியை வச்சு இப்ப அதோட உதடு எவ்ளோ உயரம்னு அளந்துட்டு இருக்காங்க.